வடிகால் அடைபட்ட கால்கள்

எங்கள் வேலை இரவு எட்டரை மணிக்குத் தொடங்கும். ஊர் சாப்பிட்டு முடித்துத் திண்ணையிலும் வாசல் கட்டிலிலும் சாய்கிற நேரம். ஒருவர் கையில் பதிவேடு, இன்னொருவர் கையில் டார்ச் லைட், என் தோளில் ஸ்லைடு அடுக்கிய மரப்பெட்டி. திருவள்ளூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1997இல். அதற்கு முன்பே, பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், பைலேரியா, அதாவது யானைக்கால் நோய்த் தடுப்புப் பிரிவில் ஆய்வக நுட்பநராகச் சேர்ந்தவன் நான். ஊருக்குள் எங்களுக்கு ஒரே பெயர்தான்: ரத்தம் எடுக்கறவங்க.

"பகல்ல வந்தா ஆவாதா தம்பி? தூங்குற புள்ளைய எழுப்பித்தான் குத்தணுமா?" என்று கேட்காத ஆயா கிடையாது. நியாயமான கேள்வி. "புழு ராத்திரியிலதான் ரத்தத்துக்கு வரும் ஆயா" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவோம். விரித்துச் சொல்ல அப்போது நேரம் இருக்காது. நள்ளிரவுக்குள் தெருவை முடிக்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தக் கேள்விக்கு முழுப் பதிலையும் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பதில் தொடங்குகிற இடம் ரத்தக் குழாய். ஆனால் நோய் இருப்பது ரத்தக் குழாய்க்கு வெளியே.

எங்கள் மாவட்டத்தின் தேர்வாய் கண்டிகைப் பக்கத்து ஆட்களுக்கு நீரைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. கண்ணன்கோட்டை, தேர்வாய் கண்டிகை என்ற இரண்டு ஏரிகளை இணைத்துத்தான் சென்னையின் ஐந்தாவது குடிநீர் நீர்த்தேக்கத்தைக் கட்டினார்கள். கொள்ளளவு அரை டி.எம்.சி.; 2020 நவம்பர் 21இல் திறந்தார்கள். ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவர் எவருக்கும் தெரியும்: மதகைத் திறந்து கழனிக்கு நீர் விடுவது பாதி வேலை. பாய்ந்த நீர் வடிந்து போக வழி வேண்டும். வடிகால் தூர்ந்த கழனியில் நீர் நிற்கும், நின்ற நீரில் வேர் அழுகும், காய்ந்தால் மண் மேல் உப்பு பூக்கும்.

உடம்பும் இப்படித்தான் இருக்கிறது. இதயம் தள்ளும் ரத்தம் தமனி வழியாக ஓடி, கிளை பிரிந்து பிரிந்து, கடைசியில் தந்துகிகளுக்கு வருகிறது. ஒரு தந்துகியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. சிவப்பணு ஒற்றை வரிசையில்தான் போக முடியும். அதன் சுவர் ஒரே ஒரு செல் கனம். அந்தச் சுவரின் இடுக்குகள் வழியாக ரத்தத்திலுள்ள நீர், உப்பு, சர்க்கரை எல்லாம் வெளியே கசிந்து செல்களைச் சுற்றி நிற்கின்றன. அதுதான் திசு நீர். நம் உடம்பின் செல்கள் ரத்தத்தை நேராகத் தொடுவதே இல்லை. கசிந்த இந்த நீரில்தான் பிழைக்கின்றன. பெரிய ஆளின் உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, சுமார் 3 லிட்டர். ஆனால் ஒரு நாளில் தந்துகிகளிலிருந்து வெளியேறித் திசுக்களை நனைத்துவிட்டு வடிகால் வழியாகத் திரும்பும் நீர் சுமார் 8 லிட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் ஒன்பது மணி நேரத்துக்கு ஒருமுறை நம் பிளாஸ்மா நீர் அத்தனையும் குழாயை விட்டு வெளியே போய்த் திரும்பி வருகிறது!

திரும்பி வருகிற அந்த வழிதான் நிணநீர் நாளங்கள். திசுக்களின் இடையில் மூடிய முனைகளாகத் தொடங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, தொடை இடுக்கிலும் அக்குளிலும் இருக்கும் நிணநீர்க் கணுக்களில் வடிகட்டப்பட்டு, மார்புக்குள் ஏறி, இடது கழுத்தடியில் ஒரு பெரிய சிரையில் கலக்கின்றன. காலிலிருந்து கழுத்துவரை ஏற வேண்டிய நீர் அது. தள்ளுவதற்குத் தனி இதயம் கிடையாது. நாளத்தின் உள்ளே அடுத்தடுத்து இருக்கும் சிறு வால்வுகளும், நாளச் சுவரின் சுருங்கலும், நடக்கும்போது இறுகித் தளரும் கெண்டைக்கால் சதையும் சேர்ந்துதான் அதை மேலே ஏற்றுகின்றன.

இதை மனிதர்கள் கண்டுபிடித்த வரிசை விசித்திரமானது. இத்தாலியில் காஸ்பரே அசெல்லி 1622இல், நன்றாகத் தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெள்ளை நரம்புகளாக நிணநாளங்களைப் பார்த்துவிட்டார். லண்டன் மருத்துவர் வில்லியம் ஹார்வி ரத்தம் சுற்றி வருகிறது என்று நூல் வெளியிட்டது அதற்குப் பிறகு, 1628இல். வடிகால் முதலில் கண்ணில் பட்டது. பாசனம் அப்புறம் புரிந்தது. தமனியும் சிரையும் எங்கே கை கோக்கின்றன என்பதை ஹார்வி பார்க்கவே இல்லை. அவர் இறந்த பிறகு 1661இல் மார்செல்லோ மால்பிகி தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார். இடையில் 1651இல் பிரான்சின் பெக்கே மார்பு நிணநாளத்தைக் கண்டுசொல்ல, அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஸ்வீடனின் ருட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தோலினும் உடம்பு முழுவதும் நிணநாளங்கள் இருப்பதை யார் முதலில் கண்டது என்று சண்டை போட்டுக்கொண்டார்கள்.

நீர் ஏன் வெளியே போகிறது, எது அதை உள்ளே இழுக்கிறது என்பதற்கு 1896இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங் விடை சொன்னார். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது. ரத்தத்திலுள்ள புரதம் உள்ளே இழுக்கிறது. இரண்டுக்கும் நடக்கும் இழுபறிதான் கணக்கு. நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடப்புத்தகங்கள் இதை ஒட்டி, தந்துகியின் முன்பாதியில் வெளியேறும் நீரில் பெரும்பகுதி பின்பாதியிலேயே திரும்பிவிடுகிறது, மிச்சம் கொஞ்சம்தான் நிணநாளத்துக்குப் போகிறது என்று எழுதின. நாங்களும் அப்படித்தான் படித்தோம். 2010இல் லெவிக், மைக்கேல் என்ற இருவர் கிடைத்த அளவீடுகளையெல்லாம் கூட்டிப் பார்த்து, பெரும்பாலான திசுக்களில் அப்படித் திரும்புவது நடப்பதில்லை, ஏறத்தாழ முழு நீரும் நிணநாளம் வழியாகவே திரும்புகிறது என்று காட்டினார்கள். அதைப் படித்தபோது, யானைக்கால் நோயாளிகள் இத்தனை காலமும் தங்கள் காலையே சாட்சியாக நீட்டிக்கொண்டிருந்தார்களே என்றுதான் எனக்குத் தோன்றியது. வடிகால் அவ்வளவு முக்கியமில்லை என்றால், அது அடைபட்ட கால் அப்படி வீங்குமா?

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன், 1596இல் அச்சான தன் பயண நூலில் மயிலாப்பூரைப் பற்றி எழுதுகிறார். புனித தோமாவைக் கொன்றவர்களின் வம்சத்தார் என்று சொல்லப்பட்டவர்களுக்கு ஒரு கால் முழங்காலுக்குக் கீழே யானையின் காலைப் போலப் பருத்திருந்ததாம், மற்றொரு காலும் உடம்பும் குறையில்லாமல் இருந்தனவாம். பரம்பரைச் சாபம் என்று அங்கே சொன்னதை அவர் எழுதி வைத்துவிட்டுப் போனார். போர்ச்சுக்கீசியர் அந்தக் காலுக்குத் தோமாவின் பெயரையே வைத்தார்கள். சாபக் கதையைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அது நல்ல மருத்துவக் குறிப்பு: ஒரு கால் மட்டும், முழங்காலுக்குக் கீழே, ஒரே ஊரில் பலருக்கு. நாங்கள் பதிவேட்டில் எழுதியதும் அதைத்தான். ஆனால் அந்தச் சாபம் என்ற எண்ணம் நானூறு ஆண்டுகள் கழித்தும் போகவில்லை. பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணின் தாயைச் சற்று நடந்து வரச் சொல்லி, புடவைக் கரைக்குக் கீழே கணுக்காலைப் பார்ப்பதை நானே கண்டிருக்கிறேன். இது பரம்பரை நோய் அல்ல, தொட்டால் ஒட்டாது என்று திண்ணை திண்ணையாகச் சொல்வதும் எங்கள் வேலையில் பாதி.

புழு கண்ணில் பட்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1863இல் பாரிஸில் டெமார்கே ஒருவரின் விரைவீக்க நீரில் குட்டிப் புழுக்களைக் கண்டார். 1866இல் பிரேசிலின் பையாவில் வூக்கெரர் வெண்மையாகப் போன சிறுநீரில் கண்டார். ரத்தத்திலேயே அவை இருக்கின்றன என்று காட்டியது நம் நாட்டில், கல்கத்தாவில், 1872இல். கண்டவர் திமோத்தி லூயிஸ் என்ற ராணுவ மருத்துவர். 1876இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ஜோசப் பான்கிராஃப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டெடுத்தார். அது இருந்தது ரத்தத்தில் அல்ல, நிணநாளம் ஒன்று சீழ்பிடித்த கட்டியில். இவருடைய பெயரையும் வூக்கெரர் பெயரையும் சேர்த்துத்தான் அந்தப் புழுவுக்கு உச்செரேரியா பான்கிராஃப்டி என்று பெயர்.

அந்த ஆண்டுகளில் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பாட்ரிக் மான்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இருந்தார். நான் என் தொழிலின் மூதாதையாக நினைப்பது அவரையும் அவருடைய தோட்டக்காரர் ஹின் லோவையும். ஹின் லோவின் ரத்தத்தில் குட்டிப் புழுக்கள் இருந்தன. 1877இல் மான்சன் அவரைக் கொசுக்கள் வரும்படி கதவு திறந்துவைத்த அறையில் தூங்க வைத்து, காலையில் அவர் ரத்தத்தைக் குடித்து வயிறு உப்பிய கொசுக்களைப் பிடித்துக் கீறிப் பார்த்தார். புழு கொசுவின் வயிற்றில் சாகவில்லை, வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு பூச்சி மனித நோய்க் கிருமியை வளர்த்துத் தருகிறது என்பதற்கு உலகத்துக்குக் கிடைத்த முதல் சாட்சி அது. ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் மலேரியாக் கிருமியைக் கொசுவில் கண்டது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1897இல். அவருக்கு வழி காட்டியவரும் இதே மான்சன்தான்.

அமோயில் மான்சன் இன்னொன்றும் செய்தார். உதவியாளர்களைப் பகலும் இரவுமாக மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து எண்ண வைத்தார். பகலில் எடுத்த துளியில் புழு இல்லை. பொழுது சாய்ந்த பிறகு ஏறத் தொடங்கி, நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்குப் போய், விடியும்போது காணாமல் போனது. பகலில் அவை நுரையீரலின் குழாய்களில் தங்கிவிடுகின்றன என்பது பிறகு தெரிந்தது. நம் ஊரில் இந்த நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு அதிகமாகக் கடிப்பதும் நள்ளிரவை ஒட்டித்தான். கொசு வரும் நேரத்தில் தோலுக்கு அடியிலுள்ள தந்துகிக்கு வந்து நிற்கிறது புழு. ஆயா கேட்ட கேள்விக்கு விடை இதுதான்.

கொசு எப்படித் திருப்பித் தருகிறது என்பதில் மான்சன் சறுக்கினார். செத்த கொசு விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் வருகிறது என்று நினைத்தார். 1900இல் திருவாங்கூரில் எஸ்.பி. ஜேம்ஸும் லண்டனில் ஜார்ஜ் லோவும் கொசுவின் வாய்ப்பகுதியில் முதிர்ந்த லார்வாக்களைக் கண்ட பிறகுதான் கடியே வழி என்று முடிவானது. கொசுவுக்குள் போன குட்டிப் புழு இரண்டு வாரம் போல வளர்ந்து, கடிக்கும்போது தோலில் இறங்கி, கடித்த துளை வழியாக நுழைந்து, நிணநாளத்துக்குப் போய்க் குடியேறுகிறது. அங்கே முதிர்ந்து ஆணும் பெண்ணுமாகச் சில ஆண்டுகள் வாழும். பெண் புழு எட்டுப் பத்து சென்டிமீட்டர் நீளம், நூலைவிட மெல்லியது. அது ஈனும் குட்டிகள் நிணநீரோடு ஏறி, கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கும். குட்டி கால் மில்லிமீட்டர் நீளம். தடிமன் ஒரு சிவப்பணு அளவு. அதனால்தான் தந்துகிக்குள் நுழைந்து வெளிவர முடிகிறது. உயிரோடு இருக்கும் புதுத் துளியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தால், சிவப்பணுக்களை இடமும் வலமும் தள்ளிக்கொண்டு அது நெளிவது தெரியும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதைக் காட்டிவிட்டால் அப்புறம் மாத்திரைக்கு மறுப்பே வராது.

அந்த மாத்திரையின் கதை சென்னையில் தொடங்குகிறது. பீமவரத்தில் 1895இல் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்திக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதில் வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம், எம்.பி.பி.எஸ்ஸுக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்ற தாழ்ந்த சான்றிதழ்தான் கிடைத்தது. சென்னையில் ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு, 1923இல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து அவர் வகுத்த முறையால்தான் உலகமெங்கும் ஆய்வகங்களில் ரத்தத்தின் பாஸ்பரஸை அளந்தார்கள். என் படிப்பிலும் ஃபிஸ்கே–சுப்பாராவ் முறை என்று அவர் பெயர் வரும். 1940இல் லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார். இரண்டாம் உலகப்போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்க வீரர்கள் பலருக்கு இந்தப் புழு தொற்றவே, மருந்து தேடும் வேலை வேகம் பிடித்தது. 1947இல் லெடர்லேக்காரர்கள் டைஎத்தில்கார்பமசின் என்ற மருந்தை அறிவித்தார்கள். கட்டுரையை எழுதியவர்களில் சுப்பாராவும் ஒருவர். நாங்கள் டி.இ.சி. என்று சொல்வோம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில், அவர் இறந்துவிட்டார். அவர் படித்த சென்னையில் அந்த மாத்திரை தெருத்தெருவாகப் போனதை அவர் பார்க்கவில்லை. 1995இல் அவருக்குத் தபால்தலை வந்தது. நம் பள்ளிப் புத்தகங்களில் இன்னும் பெரிய எழுத்தில் வந்திருக்க வேண்டிய பெயர்.

இந்தியாவில் தேசிய பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955இல் வந்தது. எங்கள் பிரிவு அதில் ஒரு சிறு கண்ணி. விரல் நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, ஊசியால் ஒரு குத்து, 20 கன மில்லிமீட்டர் ரத்தம் ஸ்லைடில் தடிப்பாகத் தடவல். மறுநாள் காலை நீரில் அமிழ்த்திச் சிவப்பு நிறத்தை இறக்கி, உலர்த்தி, ஜே.எஸ்.பி. சாயம் ஏற்றிப் பார்ப்போம். புழு இருந்தவருக்கு உடல் எடைக்குத் தகுந்த டி.இ.சி. மாத்திரை பன்னிரண்டு நாள். புழு சாகும்போது காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் வரும். எத்தனை புழு சாகிறதோ அத்தனை காய்ச்சல். "நல்லாத்தான் இருந்தேன், நீங்க குடுத்த மாத்திரையாலதான் படுத்துட்டேன்" என்று சண்டைக்கு வருவார்கள். அவர்கள் சொல்வது உண்மையும்தான். ரத்தத்தில் புழு ஓடுகிற பலருக்கு வெளியே ஒரு குறியும் இருக்காது. நலமாக இருக்கிறவரைத் தூக்கத்தில் எழுப்பி ரத்தம் எடுத்து, மாத்திரை கொடுத்து, ஒரு நாள் படுக்க வைத்துத்தான் பக்கத்து வீட்டுக்காரரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அப்படிப் படுத்துக் கிடந்தவர்களுக்கு ஊர் கடன்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கொசுப் பக்கம் நடந்த வேலையையும் சொல்ல வேண்டும். இந்த க்யூலெக்ஸ் பெரும்பாலும் நல்ல தண்ணீரில் முட்டையிடாது. சாக்கடையும் கழிவுநீர்க் குழியும்தான் அதற்கு வீடு. புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய பூச்சியியல் ஆய்வு மையம் 1981 முதல் 1985 வரை நகரம் முழுவதும் அந்த வீடுகளை அழிக்கும் வேலையைச் செய்து காட்டியது. திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் மதுரை ஆய்வு மையத்துக்காரர்கள் கழிவுநீர்க் குழிகளில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். மணிகள் மிதந்து மேற்பரப்பை மூடிவிடும். மூச்சு வாங்க மேலே வரும் லார்வா முட்டிச் செத்துப்போகும். நஞ்சு கிடையாது, செலவு கொஞ்சம். மருந்து மட்டும் கொடுத்த ஊர்களைவிட மருந்தும் மணியும் போன ஊர்களில் பலன் நிலைத்தது. இந்த எளிய வேலை ஏன் ஊர் ஊராகப் போகவில்லை என்பது இன்றும் எனக்கு ஆற்றாமை.

ஒவ்வொரு ஸ்லைடாகப் புழுவைத் தேடிய காலம் 1990களின் நடுவில் மாறியது. யார் ரத்தத்தில் புழு என்று பார்க்காமல், ஊரில் எல்லோருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வேளை மாத்திரை. 1996–97இல் சில மாநிலங்களின் சில மாவட்டங்களில் முன்னோட்டமாகத் தொடங்கி, 2004 முதல் நாடு தழுவியதாயிற்று. பதினைந்து வயதைத் தாண்டியவருக்கு டி.இ.சி. மூன்று, கூடவே அல்பெண்டசோல் ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் கிடையாது. முதிர்ந்த புழு பிள்ளை பெறும் காலம் ஐந்தாறு ஆண்டு. அத்தனை ஆண்டும் குட்டிகளை ரத்தத்தில் இல்லாமல் செய்துவிட்டால் கொசுவுக்குக் கிடைக்காது என்பது கணக்கு. கணக்கு பலித்தது. இலங்கை 2016இல் இந்த நோயை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. தமிழ்நாட்டில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது சர்வ சாதாரணமாகக் கிடைத்த புழு, நான் ஓய்வு பெறும்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குக் காட்டப் பழைய ஸ்லைடைத் தேட வேண்டிய அரிய பொருளாகிவிட்டது.

இப்போது தேர்வாய் கண்டிகை. மேய்ச்சல் காடாக இருந்த இடத்தில், ஊரார் எதிர்த்துப் போராடிய பிறகும், சிப்காட் தொழிற்பூங்கா வந்தது. டயர் தொழிற்சாலை வந்தது. கும்மிடிப்பூண்டியில் முன்பே இரும்பு ஆலைகள் இருந்தன. வேலைக்குப் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்துப் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். அந்த மாநிலங்களில் இந்த நோய் இன்னும் இருக்கிறது; நாடு முழுவதும் 2027க்குள் ஒழிப்பதாக இலக்கு வைத்திருக்கிறார்கள். ஆகவே இங்கே ரத்தம் எடுக்கிறவர்கள் இப்போது தேடிப் போவது தொழிலாளர் தங்கும் அறைகளை. ஷிப்டு முடிந்து வந்து, வரிசையாகத் தொங்கும் துணிகளுக்கு அடியில் சோறு பொங்கிக்கொண்டிருக்கும் நேரம் அது. என்னிடம் பயின்றவர்கள் கூப்பிட்டால் நானும் கூடப் போவதுண்டு. விரல் குத்திய சில நிமிடங்களில் விடை சொல்லும் பட்டைப் பரிசோதனை வந்துவிட்டது. அதற்கு இரவு வேண்டியதில்லை. ஆனாலும் குட்டிகள் ரத்தத்தில் ஓடுகின்றனவா என்று உறுதி செய்ய ஸ்லைடுதான்.

'வடக்கேயிருந்து நோயைக் கொண்டாந்துட்டானுங்க' என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது. ஒரு கடியில் இந்த நோய் ஒட்டாது. புழு குடியேற நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கடி வேண்டும். ஒருவர் ரத்தத்தில் புழு இருப்பது பத்து அறைக்கு ஒரு கழிவுநீர்க் குழி, மூடி கிடையாது, வடிய வழி கிடையாது என்று நாம் விட்டிருக்கும் இடத்தில்தான் ஆபத்தாகிறது. அந்தக் குழியை வெட்டியவர் பீகாரிலிருந்து வந்தவர் அல்ல.

புழு போய்விட்ட ஊரில் கால்கள் மிச்சமிருக்கின்றன. மாத்திரை புழுவைத்தான் தீர்க்கும், காலை இளைக்க வைக்காது. புழு இருந்த இடத்தில் நிணநாளம் விரிந்து, வால்வுகளின் இதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் போய், மேலே ஏற வேண்டிய நீர் கீழே நிற்கிறது. அதில் புரதம் இருப்பதால் நாளடைவில் தோலுக்கு அடியில் நார் கட்டுகிறது. தொடக்கத்தில் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், காலை உயர்த்தி வைத்தால் விடிவதற்குள் வடியும். பிறகு அழுத்தினாலும் பள்ளம் விழாது, தோல் தடித்து மடிப்பு விழும். அந்த மடிப்பிலும் விரல் இடுக்கிலும் ஈரம் நின்று புண்ணாகி, அங்கே பாக்டீரியா நுழையும். அதுதான் நெறி. தொடை இடுக்கில் நெறி கட்டி, குளிர் நடுக்கி, கால் சிவந்து கொதிக்கும். ஒரு வாரம் வேலை போகும். ஒவ்வொரு நெறியும் மிச்சமிருக்கும் வடிகாலைக் கொஞ்சம் அழித்துவிட்டுப் போகும். காலைப் பெருக்க வைப்பதில் புழுவுக்கு இருக்கும் பங்கு இந்த நெறிக்கும் இருக்கிறது. பலர் இதை அறியாமல் ஒவ்வொரு நெறிக்கும் யானைக்கால் மாத்திரையையே தின்றார்கள். வேண்டியது பாக்டீரியாவுக்கான மருந்தும், சோப்பும், தண்ணீரும்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் எஸ். ஜமால் என்ற அறுவை மருத்துவர் வேறொரு வழியை எடுத்தார். மேலே போக வழியில்லாத நிணநீரை அங்கேயே, தொடை இடுக்கிலேயே, ரத்தத்தில் கலந்துவிட்டால் என்ன? நிணநீர்க் கணுவைத் திறந்து பக்கத்துச் சிரையோடு இணைத்துத் தைத்தார். அந்த அனுபவத்தை 1981இல் நிணநீர் மருத்துவத்துக்கான உலக இதழில் எழுதினார். காவிரிப் படுகையின் அரசு மருத்துவமனையில், வரிசையில் நின்ற விவசாயக் கூலிகளின் கால்களில் செய்த வேலை அது. எல்லாக் காலுக்கும் ஒத்துவராது. நார் கட்டிய காலுக்குப் பயன் குறைவு. ஆனாலும் மான்சன், ஸ்டார்லிங் பெயர்களுக்குப் பக்கத்தில் நான் அவர் பெயரையும் வைத்துச் சொல்வேன்.

அறுவை போகாதவர்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுப்பது மிகச் சாதாரணமானது. காலையும் மாலையும் சோப்பு நுரைத்துக் கழுவு; விரல் இடுக்கைத் துணியால் ஒற்றி உலர்த்து, தேய்க்காதே; வெடிப்புக்கு மருந்து போடு; உட்காரும்போது காலைத் தொங்கவிடாதே; குதிகாலை ஏற்றி இறக்கு; செருப்பில்லாமல் நடக்காதே. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேசின், குவளை, சோப்பு, துண்டு, களிம்பு கொண்ட பை ஒன்று தருகிறார்கள்.

தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரை எனக்குப் பல காலமாகத் தெரியும். இடது கால். மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர். ஆலை வந்ததும் வேலை கேட்டுப் போனார். வாசலில் இரும்பு முனை வைத்த ஷூ மாட்டச் சொன்னார்கள். இருந்ததிலேயே பெரிய அளவும் இடது பாதத்தில் ஏறவில்லை. ஊத்துக்கோட்டையில் செருப்புத் தைக்கிறவரிடம் அட்டையில் பாதத்தை வரைந்து கொடுத்து, மெத்தென்ற ரப்பர் அடியும் அகலப் பட்டையும் வைத்து ஒரு ஜோடி செய்து வாங்கினோம். அதைப் போட்டுக்கொண்டு அவர் இப்போது ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை செய்கிறார். பண்ணைக் குழாயிலேயே மாலையில் காலைக் கழுவி, துண்டால் ஒற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் புறப்படுவார். போன மழைக்காலம் முழுவதும் அவருக்கு ஒருமுறைகூட நெறி கட்டவில்லை.